கரி ரூமுக்குப் போன எலிகள்

மாமா ஊராருக்கு எலி பிடித்துக் கொடுக்க ஆரம்பித்ததும்தான் அத்தைக்கு முதல் சந்தேகம் வந்தது. குடித்த காபி டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனிதர், அடுத்த வீட்டு எலிக்காக எதற்குக் கவலைப்பட வேண்டும்?

நான் நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்ததும், அப்பா என்னை வெள்ளகோவிலிலிருந்து போத்தனூருக்குக் கொண்டுவந்து விட்டுப் போனார். தொண்ணூறுகளின் தொடக்கம். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். ஓட்டுக்கூரை, சிவப்புத் தரை, பின்னால் ஒரு வேப்பமரம், அதை ஒட்டி ஒரு கரி ரூம். கரி அடுப்பு எரிந்த நாளில் கரி கொட்டி வைக்கக் கட்டியது. காஸ் வந்த பிறகு அதற்கு வேலையில்லை. ஆனால் கதவில் பித்தளைப் பூட்டு தொங்கியது. சாவி மாமாவின் அரைஞாணில் இருந்தது.

"பழைய ரேடியோ சாமான் கெடக்குது கண்ணு. கை வெச்சா ஷாக் அடிச்சுப்போடும்" என்றார் மாமா, நான் கேட்காமலேயே.

கேட்காமலே சொல்லப்படும் காரணத்தை நம்பக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அத்தை. அப்பா பஸ் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, கையில் இரண்டு கமர்கட்டை வைத்து, குரலைத் தாழ்த்தினாள். "மாமா சாயங்காலமானா எலிப்பொறியத் தூக்கிட்டு எங்க போறாரு, எத்தன நேரம் நிக்கறாரு, என்ன பேசறாரு, அத்தன்னையும் பாத்து எங்கிட்ட வந்து சொல்லோணும். செரியா அம்மிணி?"

நான் உடனே ஒப்புக்கொண்டேன். கமர்கட் இல்லாவிட்டாலும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

மாமா நாலைந்து வீடுகளில் பொறி வைத்திருந்தார். அத்தையின் கணக்கில் ஒரு வீடுதான் வீடு. குவார்ட்டர்ஸின் மூன்றாவது லைனில் புக்கிங் ஆபீஸ் அக்கா இருந்தார். அவருடைய கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்துபோக, அக்காவுக்கு டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. வெள்ளையாக, உயரமாக, எப்போதும் ஒரே ஒரு வளையலோடு இருப்பார். அந்த ஒற்றை வளையலே அத்தைக்குச் சந்தேகமாக இருந்தது.

அத்தை மாமாவின் சட்டையைத் துவைக்கப் போடுமுன் முகர்ந்து பார்ப்பாள். மல்லிகை வாசம் இல்லை, பவுடர் வாசம் இல்லை. ஈரச் சாக்கும் மூத்திரமும் கலந்த மாதிரி ஒரு வாடை. அதை முகர்ந்த எவளுக்கும் நிம்மதி வந்திருக்க வேண்டும். அத்தைக்கு வரவில்லை. "பூ வாசம் தெரியக் கூடாதுன்னு மேல எதையோ பூசிக்கிட்டு வாராரு" என்றாள்.

நான் பின்தொடர்ந்தேன். மாமா அக்கா வீட்டு வாசலில் நிற்பார். உள்ளே போகமாட்டார். அக்கா பொறியை எடுத்துக் கொடுப்பார். இரண்டு வார்த்தை பேசுவார்கள், சில நாள் அக்கா சிரிப்பார். மாமா பொறியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பின்சந்து வழியாக வந்து, கரி ரூமைத் திறந்து உள்ளே போவார். வெளியே வரும்போது பொறி காலியாக இருக்கும்.

இதை அத்தையிடம் சொன்னேன். "எலி உள்ள போகுதுங்கத்தை. வெளிய வரவே இல்ல."

அத்தை அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே வைத்தாள். அன்றிலிருந்து அவள் சந்தேகம் இரண்டாகப் பெருகியது. ஒன்று பழையது. இன்னொன்று, புக்கிங் ஆபீஸ் அக்கா மாமாவுக்கு ஏதோ மருந்து வைத்துவிட்டார், அதற்கான பூசைதான் உள்ளே நடக்கிறது என்பது. வெள்ளிக்கிழமைகளில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த புற்றுக்குப் பால் ஊற்றப் போகிறவள், அந்த வாரம் செவ்வாய்க்கிழமையும் போனாள். நானும் கூடப் போனேன். புற்றின் மேல் கிளை நீட்டிய மரத்தில் சின்னச் சின்னத் துணித் தொட்டில்கள் கட்டியிருந்தார்கள். அத்தையும் ஒன்று கட்டியிருந்தாள். பொம்மை வைத்து விளையாட அதை அவிழ்த்துத் தரச் சொல்லிக் கேட்டேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த நாள் மாமா கரி ரூமுக்குள் போனபோது கதவு முழுக்கச் சாத்தவில்லை. இடுக்கில் கண்ணை வைத்தேன்.

கம்பிவலை அடித்த இரண்டு மரப்பெட்டிகள். ஒன்றில் ஆள் உயரத்துக்கு ஒரு பாம்பு, அழுக்குப் பச்சையும் கறுப்புமாக. இன்னொன்றில் இருந்ததை முதலில் பாம்பு என்றே நினைக்கவில்லை. மாரியம்மன் நோன்புக்கு மஞ்சள் நீரில் நனைத்த சேலையைச் சுருட்டிப் போட்டமாதிரி இருந்தது. பிறகு சேலை தலையைத் தூக்கியது.

நான் கத்தியிருக்க வேண்டும். மாமா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"சாரை, கண்ணு. சாரைக்கு வெசம் கெடையாது. பாரு." பெட்டிக்குள் கைவிட்டு மஞ்சள் பாம்பின் முதுகைத் தடவினார். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மாமா, அன்று நிறுத்தாமல் பேசினார். மஞ்சள் ஆண். தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்பில், மட்டைக் குவியலுக்குள் இருந்தது. தடியோடு கூடிய கூட்டத்திடமிருந்து சாக்கில் போட்டுக் காப்பாற்றிக் கொண்டுவந்தாராம். மற்றது பெண், கூட்ஸ் ஷெட்டில் கிடைத்தது. "சாரைக்குப் பொண்டாட்டி நல்லபாம்புன்னு ஊரே சொல்லும். பொய்யி. சாரைக்குச் சாரைதான் சோடி."

மூலையிலிருந்த பிஸ்கட் தகரத்தைத் திறந்தார். ஈரமான தென்னைநார்த் தூளில் நீள நீளமாய்ப் பதினோரு முட்டைகள். ஒன்றைத் தொடச் சொன்னார். ரப்பர் பந்துபோல லேசாக அமுங்கியது.

"இதுல ஒண்ணாச்சும் அப்பன் நெறத்துல வருதான்னு பாக்கோணும்" என்றார். பிறகு முகம் மாறியது. "உங்கத்தைகிட்ட மட்டும் சொல்லிப்போடாத."

"அத்தை பயந்துக்குவாங்களா?"

"பயமில்ல. தெரிஞ்சா எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு சொல்லிப்போடுவா."

எல்லாம் என்றால் எது என்று எனக்குப் புரியவில்லை. அத்தை பாம்புக்காகத்தானே வெள்ளிக்கிழமைதோறும் பால் வாங்குகிறாள்? வீட்டிலேயே இரண்டு இருப்பது தெரிந்தால் நடையாவது மிச்சமாகுமே! மாமாவும் எதையோ மறைக்கிறார் என்று அவரையும் சந்தேகிக்க ஆரம்பித்தேன். ஆனால் மறுநாள் அவர் என்னை யார்டுக்குக் கூட்டிப்போய் ஷண்டிங் இன்ஜினில் ஏற்றிவிட்டார். அதன்பிறகு மே மாதம் முழுக்க நான் அத்தையிடம் கமர்கட்டும் மாமாவிடம் இன்ஜின் சவாரியும் வாங்கிக்கொண்டு, இரண்டு பேருக்கும் உளவாளியாக இருந்தேன். அத்தைக்கு நான் சொன்ன சேதிகளில் எலி இருக்கும், பாம்பு இருக்காது.

என்னிடமிருந்து வந்த சேதி மெலிந்துபோனதை அத்தை கவனித்திருக்க வேண்டும். மே கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, பொதுக்குழாயில் தண்ணீர் வந்த நேரத்தில், வரிசையில் நின்ற அத்தனை பெண்களின் முன்னாலும் புக்கிங் ஆபீஸ் அக்காவிடம் கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, லைன்ல எத்தனையோ ஊடு இருக்க, உங்கூட்டு எலிதான் எங்கூட்டுக்காரருக்குப் புடிக்குதாக்குங்க?"

கோபத்திலும் அத்தைக்கு 'ங்க' போகவில்லை. ஆனால் வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் குடம் நிறைந்து வழிந்தது. அவர் குடத்தையும் எடுக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது. பதில் சொல்லாததே பதில் என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். அக்காவின் மகன், என் வயதுதான் இருக்கும், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

என்னால் தாங்க முடியவில்லை. "எலி பாம்புக்குங்கத்தை! கரி ரூம்ல மாமா பாம்பு வளக்கறாரு!"

குடங்கள் அப்படியே கிடக்க, கூட்டம் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தது. மாமா டியூட்டியில் இருந்தார். அத்தை குழவிக்கல்லைத் தூக்கி வந்து நாலு போடு போட்டாள். பூட்டு தெறித்தது. பெண்கள் ஆளுக்கொரு விறகோடு நிற்க, அத்தை என்னை மட்டும் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெட்டிகளைப் பார்த்தாள். அவள் கை என் மணிக்கட்டை நெரித்தது. அப்போது தகரத்துக்குள் ஏதோ அசைந்தது. மூடியைத் திறந்தாள். முட்டைகள் கீறியிருந்தன. ஒவ்வொரு கீறலிலும் விரல் நுனியளவு ஒரு தலை, பெரிய கண்ணோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்று முழுக்க வெளியே வந்து, தான் வந்த தோலின்மேலேயே படுத்திருந்தது.

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே யாரோ, "என்னுங்க இருக்குது? அடிச்சரலாங்களா?" என்று குரல் கொடுத்தார்கள்.

அத்தை மூடியைப் பதமாகச் சாத்திவிட்டு எழுந்தாள். கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினாள்.

"ரேடியோ சாமானுங்க. புள்ள என்னமோ கனாக் கண்டு ஒளறிப்போட்டா."

ஊரே என்னைப் பொய் சொல்கிறவள் என்று பார்த்தது. வாழ்க்கையில் முதல்முதலாக நான் முழு உண்மை சொன்ன நாள் அது.

சாயங்காலம் மாமா வந்து, உடைந்த பூட்டைப் பார்த்து நின்றார். பெரிய சண்டை வரும் என்று நான் கட்டிலுக்கடியில் இடம் பார்த்து வைத்திருந்தேன். அத்தை ஒன்றுதான் கேட்டாள். "எத்தன நாளா?"

"ரெண்டு வருசமாச்சு. வெளிய தெரிஞ்சா கேசு, வேலைக்கே மோசம். அதான்..."

"நான் புத்துக்குப் பால் ஊத்திப்போட்டு இந்த ஊட்டுல காலு வெக்கறப்பெல்லாம் இது இங்கதான் இருந்துச்சுங்களா?"

மாமா உடைந்த பூட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தொண்டாமுத்தூர் பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். மாமாவின் காலடியில் பெரிய சாரைகள் இரண்டும் இருந்த சாக்குப் பை. குட்டிகள் இருந்த தகரத்தை அத்தை யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். டப்பாவில் என்ன என்று கண்டக்டர் கேட்டதற்கு, "முறுக்குங்க" என்றாள். தோப்போரத்தில் வாய்க்கால் கரையில் அவளே தகரத்தைச் சாய்த்தாள். பதினொன்றும் புல்லுக்குள் ஓடின. எல்லாமே சாம்பலும் பழுப்புமாகத்தான் இருந்தன. மஞ்சள் சாரை கடைசியாகப் போனது. அது வேலியைத் தாண்டும் வரை மாமா பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் பக்கத்தில் போய் நின்றாள். திரும்பும் பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை அத்தை ஒரு தூக்கில் அரிசிம்பருப்புச் சாதம் போட்டுக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு மூன்றாவது லைனுக்குப் போனாள். வாசலிலேயே புக்கிங் ஆபீஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பாப் பேசிப்போட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். அழுதாள். அக்கா அவளை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"அது கெடக்குதுங்க. குட்டி பொரிஞ்சிருச்சுங்களா? ரெண்டு மாசமாகும்னு சொன்னாருங்க. ஒண்ணாச்சும் மஞ்சளா வந்துச்சுங்களா?"

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"போன வருசமே தெரியுமுங்க. இத்தன எலியக் கொண்டுபோயி என்னதான் பண்ணறீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். சொன்னாருங்க. குழாயடில நான் வாயத் தொறந்தா அவரு வேலைக்கு ஆபத்தாயிருமேன்னுதான் சும்மா நின்னேன்."

அத்தை சிரித்தமாதிரி இருந்தது. தூக்கைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். வரும் வழியில் வேப்பமரத்தடியில் நின்று என்னைக் கேட்டாள்.

"நீ மாமாகிட்டக் கேட்டியா கண்ணு, உள்ள என்ன இருக்குதுன்னு?"

"இல்லீங்கத்தை. ஒளிஞ்சு நின்னு நானே பாத்துட்டேன்" என்றேன் பெருமையாக.

"நானும் கேக்கல" என்றாள் அத்தை.

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. மாமா வந்து கூப்பிட்டபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூடம் திறக்கும் நாள் வந்து அப்பா என்னை அழைத்துப்போகும் வரை, அவளுக்கும் மாமாவுக்கும் நடுவே அவசியமான பேச்சு மட்டும்தான் நடந்தது. பஸ்ஸில் எனக்கு அதே யோசனை. புக்கிங் ஆபீஸ் அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை என்பது அக்கா சொன்னதிலேயே தெரிந்துவிட்டது. பாம்புகளும் போய்விட்டன. சந்தேகப்பட இனி ஒன்றும் பாக்கியில்லை. பிறகும் அத்தை எதற்காக அழுதாள் என்று காங்கயம் தாண்டும் வரை யோசித்துப் பார்த்தேன். அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.