பின்பக்கமாக ஏறினேன்

முதல்முறை படகு கவிழ்ந்தபோது எனக்குச் சாமி ஞாபகம் வரவில்லை. சட்டைதான் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, அதன்மேல் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டியிருந்தேன். தண்ணீருக்குள் போனதும் ஜாக்கெட் என்னை மேலே தூக்கியது. சட்டை வயிற்றை விட்டு ஏறியது. இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்து இழுத்தேன். துடுப்பு ஒரு பக்கம் போனது, படகு ஒரு பக்கம் போனது.

"ஆன்ட்டி! சட்டையை விடுங்க, படகைப் புடிங்க!" என்று கத்தினார் பயிற்சியாளர். புதுச்சேரியிலிருந்து வந்த இளைஞர்.

வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, "அக்கான்னு கூப்புடுப்பா" என்றேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மரக்காணத்து உப்பங்கழியில் கயாக் படகு விடப்போகிறோம், சுற்றுலா வருகிறவர்களைக் கூட்டிப்போக உள்ளூர்ப் பெண்கள் வேண்டும் என்று எங்கள் மகளிர் குழுவில் கேட்டிருந்தார்கள். ஆறு பேர் பெயர் கொடுத்தோம். நான் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறவள். நாற்பதைத் தாண்டியவள், கனத்த உடம்பு. மற்றவர்களில் எனக்கு நெருக்கமாகிவிட்டவள் குப்பத்திலிருந்து வந்த மீன்காரி. காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருப்பாள். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஆழமான இடத்தில் படகைத் தானே கவிழ்த்து, யாரும் கை கொடுக்காமல் திரும்ப ஏறி உட்கார வேண்டும். ஏறத் தெரியாதவளை நம்பி விருந்தாளிகளை அனுப்ப முடியாது என்றார்கள். நியாயம்தான்.

உப்பளத்துக் குடும்பத்தில் பிறந்தவளுக்குத் தண்ணீரில் என்ன பயம் என்று கேட்பார்கள். பாத்தியில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது. கல்யாணம் ஆகியும் சில வருடம் நான் உப்பு வாரியிருக்கிறேன். தலையில் கூடையோடு வரப்பில் நடக்கும்போது அந்தப் பக்கம் கழி நீலமாகக் கிடக்கும். அதில் இறங்கியதில்லை. அதற்கப்புறம் தையல் மெஷின். அது சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது. எத்தனை வருடம் ஒரு சுவரைப் பார்ப்பது? அதனால்தான் பெயர் கொடுத்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

எங்கள் படகுகள் பலகை போல மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகை. கவிழ்ந்தால் ஆமை மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு மிதக்கும். அதன்மேல் எட்டி அந்தப் பக்கத்து விளிம்பைப் பிடித்து இழுத்தால் புரண்டு நேராகிவிடும். அது எனக்குச் சுலபமாகவே வந்தது. ஏறுவதுதான் வரவில்லை.

"காலை உதைச்சு உடம்பைத் தண்ணி மட்டத்துக்குக் கொண்டு வாங்க. முதல்ல வயிறு மேல ஏறணும், அப்புறம் இடுப்பைத் திருப்பி உட்காரணும், கடைசியா காலு" என்பார் பயிற்சியாளர். மீன்காரி மூன்றாம் முயற்சியிலேயே ஏறி உட்கார்ந்து முந்தானை இல்லாத தோளை முந்தானை இருப்பதுபோலச் சரிசெய்துகொண்டாள். நான் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு உந்துவேன். படகு என் பக்கம் சாய்ந்து என் தலைமேலேயே கவிழும். மறுபடி புரட்டுவேன். மறுபடி கவிழும்.

கழிக்குக் குறுக்கே போகிற பாலத்தின்மேல் ஆட்கள் நின்று பார்த்தார்கள். சிலர் போனில் எடுத்தார்கள். அன்று சாயங்காலமே ஊர் வாட்ஸப் குழுவில் நான் வந்துவிட்டேன். "யானைக்கு நீச்சல் கிளாஸ்" என்று எழுதி, சிரிக்கிற முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

இருட்டுவதற்குள் என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்துவிட்டார். உட்காரவில்லை.

"ஏம்மா, தெருவுல தலைகாட்ட முடியல. பேன்ட்டைப் போட்டுக்கினு தண்ணியில உருள்றியே, நம்ம வூட்டுப் பொம்பளைங்க செய்ற வேலையா இது?"

"உப்பளத்துல முட்டிக்கு மேல பொடவையைச் சொருகிக்கினு நின்னேனே மாமா, அப்ப எல்லாரும் நல்லாத்தானே தலைகாட்டினீங்க?"

"அது வேலை."

"இதுவும் வேலைதான்."

அவர் தம்பி பக்கம் திரும்பினார். என் வீட்டுக்காரர் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அப்போதுதான் வந்து சோற்றில் கை வைத்திருந்தார். "நீ என்னாடா சொல்ற?"

"என்னை எதுக்குண்ணா கேக்கற? வுழறது அவ" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

அண்ணன் வாசலில் செருப்பை மாட்டும்போது, "இன்னொரு தடவை படம் வந்துச்சுன்னா இந்த வூட்டுப் படி ஏறமாட்டேன்" என்றார். வரும் என்று எனக்குத் தெரியும். இரவு படுத்தபிறகு ஒருமுறை அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அழுகை வந்தது என்பதை மறைப்பானேன். அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நான் விழுகிற இடத்தில் சரியாக நிறுத்தியிருந்தார்கள். அதற்கப்புறம் நான் படகைப் புரட்டி நேராக்கியதை ஒருவனும் எடுக்கவில்லை.

மறுநாள் கழியில் இறங்கியதும் பாலத்தை நிமிர்ந்து பார்த்தேன். நாலைந்து பேர் நின்றார்கள்.

"நேத்து தூரத்துலேர்ந்து எடுத்தீங்க, மூஞ்சி சரியா வுழல!" என்று கத்தினேன். "இன்னைக்கும் வுழுவேன். கரைக்கு வந்து நல்லா எடுங்கப்பா!"

ஒருவன் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஒருவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். மற்றவர்கள் நின்றார்கள். நான் சொன்னபடியே விழுந்தேன். மதியம்வரை விழுந்தேன். ஒருமுறைகூட ஏற முடியவில்லை. விளிம்பு இடித்து இடித்து விலா கன்றிக் கருநீலமாகிவிட்டது.

பயிற்சியாளர் படகை என் அருகில் கொண்டுவந்தார். நல்லவர்தான், தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, ஒரு யோசனை. நீங்க கரையில இருந்துக்கோங்களேன். வர்றவங்களுக்கு ஜாக்கெட் மாட்டிவிடணும், அதுக்கும் ஒரு ஆளு வேணும்."

"தம்பி, ஊருக்கே ஜாக்கெட் தைச்சுக் குடுக்கறவ நான். இங்க வந்தும் ஜாக்கெட்டா?"

மீன்காரி சிரித்த சிரிப்பில் அவள் படகு ஆடியது. அவரும் சிரித்துவிட்டார். ஆனால் எனக்குக் கை அசந்துவிட்டது. மிதந்தபடி காலை உதைத்துக் கரைக்குப் போகவும் தெம்பில்லை. "பின்னால புடிச்சுக்கினு வா, நான் இழுத்துக்கினு போறேன்" என்று மீன்காரி என் படகின் முன்பக்கத்தில் கயிறு போட்டாள். நான் பின்முனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெஞ்சைச் சாய்த்தேன்.

பின்முனை தண்ணீருக்குள் அமுங்கியது.

பக்கவாட்டில் நான் தொற்றினால் கவிழ்கிற படகு, பின்னால் சாய்ந்தபோது கவிழவில்லை. என் கனத்துக்கு வால் மட்டும் கீழே போனது. "நில்லு, இழுக்காத" என்றேன். நெஞ்சை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளினேன். அது அமுங்கி எனக்கு வழி விட்டது. ஒரு காலை அந்தப் பக்கம், ஒரு காலை இந்தப் பக்கம் போட்டேன், ஸ்கூட்டரில் ஆண்கள் உட்காருகிற மாதிரி. இரண்டு காலும் தண்ணீரில் தொங்கியதால் ஆட்டம் குறைந்தது. அப்படியே கையை ஊன்றி, அரை சாண் அரை சாணாக முன்னே நகர்ந்தேன். சட்டை எங்கே ஏறியிருந்தது என்று தெரியாது. இருக்கை கைக்குத் தட்டுப்பட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

மீன்காரி போட்ட கூச்சலில் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

பயிற்சியாளர் மட்டும் தலையைச் சொறிந்தார். "ஏறிட்டீங்க அக்கா, சரிதான். ஆனா சைடுல ஏறணும்னுதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறோம். இது, விருந்தாளிங்க பாக்கறப்ப, காலை அப்படிப் போட்டுக்கிட்டு... பாக்க நல்லா இருக்காதே."

"மூழ்கிப்போனா பாக்க நல்லா இருக்குமா?"

அவர் தண்ணீரில் இறங்கிப் பின்பக்கமாகத் தானே ஏறிப் பார்த்தார். ஏற முடிந்தது. அடுத்து மற்றவர்களையும் முயற்சி செய்யச் சொன்னார். மீன்காரி வாலில் சாய்ந்து உந்தினாள், படகு அமுங்கவே இல்லை. அவள் கனம் போதவில்லை. வழுக்கி வழுக்கித் தண்ணீருக்குள் போனாள். "ரெண்டு வேளை என் வூட்ல சாப்புடு, அப்புறம் வா" என்றேன். தண்ணீரை வாரி என் முகத்தில் அடித்தாள்.

சோதனை வைக்கப் படகுகளின் முதலாளியம்மா வந்த நாளில் கடல்காற்று பலமாக இருந்தது. முகத்துவாரத்திலிருந்து அலை குட்டிகுட்டியாக உள்ளே வந்தது. என் முறை வந்தபோது படகைக் கவிழ்த்தேன், புரட்டினேன், பின்னால் போனேன். பாதியில் ஒரு அலை தள்ளி விழுந்தேன். முதலாளியம்மா பக்கத்துப் படகிலிருந்து, "போதும்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். எனக்குக் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். துடுப்பைப் பல்லால் கடிக்காத குறையாகப் பிடித்துக்கொண்டு மறுபடி வாலில் ஏறினேன். உட்கார்ந்ததும் அவரைப் பார்த்து, "அடுத்த வாரம் கடையில தீபாவளித் துணி நெறைய இருக்குதுங்க" என்றேன்.

சனி, ஞாயிறுகளில் இப்போது விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். என் வீட்டுக்காரரின் அண்ணன் சொன்ன சொல் மாறாதவர், இதுவரை வரவில்லை. பொங்கலுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன், இன்னொரு தடவை கூப்பிடுவதாக இல்லை.

போன வாரம் ஒரு பெண் தன் மகளோடு வந்திருந்தாள். படகில் காலை வைப்பதற்கு முன்னால், "கவிழ்ந்துடாதே?" என்று கேட்டாள்.

"கவிழும்மா. கவிழ்ந்தா ஏறிக்கலாம், வாங்க" என்றேன்.

அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று பயிற்சியாளர் கரையிலிருந்து ஜாடை காட்டினார். நான் சொன்னதை மாற்றவில்லை. அந்தப் பெண் ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.