இன்னொரு தடவை பாருங்க, டாக்டர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். துனிசியாவின் காபெஸ் ஊரில் ஸ்கேன் டாக்டராக இருக்கும் நஜுவாவுக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். இரவுகூட இல்லை. பட்டப்பகல்.

செவ்வாய்க்கிழமை, மூன்று இருபது. எட்டு மாதக் கர்ப்பிணி விதாத் படுத்திருந்தாள். நஜுவா பார்த்து முடித்து, வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைக்கக் காகிதம் நீட்டினாள்.

"பையன் ஜோரா இருக்கான். எழுந்திரும்மா."

விதாத் எழவில்லை. "அந்த அக்கா இல்லைங்கறாங்களே, டாக்டர்?"

"எந்த அக்கா?"

"உங்களுக்குப் பின்னாடி நிக்கிறாங்களே."

நஜுவா திரும்பினாள். வெறும் சுவர். கதவு தாழிட்டபடியே இருந்தது. பயத்தில் உளறுகிறாள் என்று சிரிக்கப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை பாக்கச் சொல்றாங்க... அழறாங்க, டாக்டர். கையெல்லாம் பச்சையா கறை."

சிரிப்பு நின்றது.

இரண்டு வருடத்துக்கு முன் தலெந்தா என்றொருத்தி. கர்ப்பத்தில் அவளுக்கு ஸ்கேன் பார்த்து 'எல்லாம் சரி' என்று எழுதிக் கொடுத்தது நஜுவாதான். பிறந்த மூன்றாம் நாள் பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தது. பால் சேரவில்லை என்று பிரசவ வார்டில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். உள்ளே குடல் முறுக்கிக் கருகிக்கொண்டிருந்தது. பிள்ளை போனபின், கையைக்கூடக் கழுவாமல் அவள் வராந்தாவில் நின்ற கோலம்...

நஜுவா ஸ்கேன் கருவியை விதாத்தின் வயிற்றில் மறுபடி வைத்தாள்.

டக்... டக்... டக்... பிள்ளையின் இதயத் துடிப்பு.

அவள் மணிக்கட்டின் மேல் சில்லென்று ஏதோ பட்டது. கை தானாக நகர்ந்தது. கொஞ்சம் வலப்பக்கம்... கொஞ்சம் கீழே...

நின்றது.

திரையில் பிள்ளையின் குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் நீர்ச்சுழிபோலச் சுற்றிக் கிடந்தன. அதே குடல் முறுக்கு.

மணி மூன்று முப்பத்தொன்று.

அன்றே விதாத்தை ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பிள்ளை அங்கே பிறந்தான். பிறந்த அன்றே ஆபரேஷன். பிழைத்தான்.

விதாத் போனில் சொன்னாள்: "அந்த அக்கா ஆபரேஷன் அறை வாசல்லயும் நின்னாங்க. பிள்ளையை உயிரோட கொண்டுவந்தப்ப, 'அப்ப என் பிள்ளையும் பிழைச்சிருப்பானா'ன்னு கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்ல, டாக்டர்?"

நஜுவா பழைய பதிவேட்டில் தலெந்தாவின் எண்ணைத் தேடி எடுத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். போனை எடுத்தது அவள் கணவர்.

"தலெந்தாவா? அவ போய் எட்டு மாசமாச்சு, டாக்டர். டாக்ஸி கவுந்துடுச்சு."

"எங்க போறப்ப?"



"உங்களைப் பாக்கத்தான் கிளம்பினா. 'ஸ்கேன்லயே தெரிஞ்சிருக்குமா'ன்னு ஒரே ஒரு தடவை கேக்கணும்னா..."