கிழமை தெரிந்த நெஞ்சு

தவசிமுத்துவின் நெஞ்சுக்குக் கிழமை தெரியும். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. அன்றைக்கு அது சொன்ன பேச்சைக் கேட்கும். மம்சாபுரம் கண்மாய்க்கரையில் அவர் வீச்சு நடை போட்டால் கூடவே வரும். கோயிலில் பாட்டுப் படித்தால் கடைசி அடி வரைக்கும் மூச்சுக் கொடுக்கும். திங்கட்கிழமை ராஜபாளையத்து மில்லில் சங்கு ஊதி, அவர் கார்டிங்குக்குள் போய், மத்தியானச் சோற்றுக்கு உட்காரும் நேரத்தில்தான் சனியன் ஆரம்பிக்கும். பின்னால் யாரோ நின்றுகொண்டு தாம்புக்கயிற்றால் நெஞ்சைச் சுற்றி இறுக்குகிற மாதிரி இருக்கும்.

முதலில் திங்களோடு போய்க்கொண்டிருந்தது. பிறகு செவ்வாய்க்கு வந்தது. ஒரு வருசம் கழித்துப் புதனுக்கும் நகர்ந்தது. வியாழனையும் பிடித்த பிறகு மிச்சக் கிழமைகளை எண்ணுவதை அவர் விட்டுவிட்டார்.

கார்டிங் என்பது பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கிற இடம். முள் உருளை சுற்றும், பஞ்சு சீவப்படும். நூலுக்குப் போவது நூலுக்கு, மீதி மனிதனுக்கு. அந்த மீதிக்கு மருந்தாக மில்லில் ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுத்தார்கள். மூக்கு வழியாகப் போனதை வயிறு வழியாகக் கழுவலாம் என்று எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியாது. வெல்லம் மட்டும் நன்றாகத்தான் இருந்தது.

முடியாதபோது தவசிமுத்து இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போவார். டாக்டரம்மா லீவுச் சீட்டு எழுதுவார். வீட்டில் நாலு நாள் இருந்தால் கயிறு அவிழ்ந்துவிடும். உடனே வேலைக்குப் போகலாம், 'பிட்' என்று இன்னொரு சீட்டு. அதை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனால் மத்தியானமே மறுபடி கயிறு.

வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் கருத்தையாவுக்கு இது பெரிய வேடிக்கை. "வீட்டுல இருந்தா நல்லாருக்கு, மில்லுக்கு வந்தா முடியலையாக்கும்? எனக்கும் அப்படித்தாம்வே இருக்கு. நான் யாருகிட்டப் போய்ச் சீட்டு வாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். தவசிமுத்துவும் சிரிப்பார். பாதிச் சிரிப்பு இருமலாகிவிடும்.

இந்த இருமலைக் காது கொடுத்துக் கேட்கிறவன் ஒருத்தன் இருந்தான். பொன்னுராஜ். அதே மம்சாபுரம்தான், கல்யாணமாகி இரண்டு பிள்ளை. மில்லில் அவன் பதிலி. நிரந்தர ஆள் வராத அன்றைக்கு மட்டும் பதிலிக்கு வேலை. எல்லாரும் வந்துவிட்டால் வீடு. சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே மில் வாசல் வேப்பமரத்தடியில் வந்து நிற்பான்.

"அண்ணாச்சி, இன்னைக்கு உடம்புக்கு எப்படி?"

"நல்லாருக்கேன்லே."

"நல்லா இருங்க" என்பான். முகம் மட்டும் தொங்கிப்போகும்.

அவன் ஒளிவு மறைவு வைத்துக்கொள்ளவில்லை. "நீங்க இருமுனாத்தான் என் வீட்டுல அடுப்பு எரியுது அண்ணாச்சி. நான் என்ன செய்ய, ஆண்டவன் அப்படிப் போட்டுட்டான்."

தவசிமுத்துவின் மனைவி பரிபூரணத்துக்கு அவனைக் கண்டால் ஆகாது. "ஏலே, உசுரு போகுமுன்னேயே கழுகு மாதிரி வாசல்ல வந்து உக்காந்திருக்கியே!"

"கழுகு எங்கயாவது கருவாடு வாங்கிட்டு வருமா மதினி?" என்று பொட்டலத்தை நீட்டுவான். அவள் திட்டிக்கொண்டே வாங்கிக் குழம்பு வைப்பாள். அவனுக்கும் ஒரு கிண்ணம் போகும்.

எண்பத்தேழாம் வருசம் டாக்டரம்மா சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "மதுரையில மெடிக்கல் போர்டுக்கு எழுதுறேன். இது மில்லால வந்த நோவுன்னு அவங்க சொல்லிட்டா, உங்களைத் தூசி இல்லாத இடத்துக்கு மாத்தித்தான் ஆகணும்."

மில் லேபர் ஆபீசர் மறுபாதியைச் சொன்னார். "மில் நோவு இல்லைன்னு சொல்லிட்டா? இத்தனை லீவும் பொய் லீவுன்னு ஆயிரும். பேரை எடுத்துருவோம், பாத்துக்கிடும்."

முதல் தடவை போர்டுக்கு அவர் ஒரு புதன்கிழமை, வேலை பார்த்த நெஞ்சோடு போனார். மூச்சை அளக்கிற ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். முழுப் பலத்தையும் கூட்டி ஊதினார். குழாயில் இருந்த முள் ஏதோ பெரிய மனுசன் எழுந்திருக்கிற மாதிரி லேசாக அசைந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வழுக்கைத் தலை டாக்டர் குறித்துக்கொண்டார்.

"ஒரு மாசம் மில் பக்கமே போகாதீங்க. நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க. பார்ப்போம்."

'என்ன பார்ப்போம்?' என்று கேட்கத் தவசிமுத்துவுக்குத் தைரியமில்லை. ஊர் வந்து சேரும்வரை அந்தப் 'பார்ப்போம்' முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

அந்த மாதம் வீட்டில் நடந்தது இதுதான்: அவர் தேறினார். முதல் வாரம் படுத்துத் தூங்கினார். இரண்டாம் வாரம் தண்ணீர் இறைத்தார். "அவியளுக்கு மூஞ்சியே தெளிஞ்சிருச்சு" என்று பரிபூரணம் தெருவெல்லாம் சொன்னாள். அவருக்கோ ஒவ்வொரு நல்ல மூச்சும் கெட்ட செய்தியாக இருந்தது. விடியற்காலையில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பார்ப்பார். தடையில்லாமல் உள்ளே போகும். மறுபடியும் இழுத்துப் பார்ப்பார்.

அவர் இடத்தில் அந்த மாதம் முழுக்க வேலை பார்த்த பொன்னுராஜ் டீக்கடையில் வைத்து அவரை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணாச்சி, இப்படிக் கன்னுக்குட்டி மாதிரிப் போயி நின்னா அவிய என்ன எழுதுவாவ?"

"நானும் அதத்தாம்லே நினைக்கேன்."

"நோவும் இல்ல, நொடியும் இல்ல, பொய் லீவுன்னு எழுதுவாவ. பேரை எடுத்துருவானுவ."

டீ ஆறிப்போனது. பிறகு தவசிமுத்து, "மிசினுக்கு அடியில ஒதுங்குமே தூசி, அதுல கொஞ்சம் கொண்டாருவியா?" என்றார்.

அவன் ஒரு தலையணை உறை நிறையக் கொண்டுவந்தான். பரிபூரணம் அதை அமுக்கிப் பார்த்தாள். "மெத்துன்னுல்ல இருக்கு! மக பிள்ளைக்குத் தொட்டில்ல வைக்க ஒரு சின்னத் தலகாணி தைக்கலாம்."

தவசிமுத்து பாய்ந்து பிடுங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் எதையும் அப்படிப் பிடுங்கியதில்லை. அவள் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போர்டு நாளுக்கு முந்தின இரண்டு நாள் தொழுவத்துக்குப் பின்னால் போய் உறைக்குள் முகத்தைப் புதைத்தார். மூன்றாம் நாள் காலை, பொன்னுராஜைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மதுரை பஸ் ஏறினார். துண்டுக்குள்ளே உறை, உறைக்குள்ளே முகம்.

"என்னவே அதுக்குள்ள, பால்கோவாவா?" என்றார் கண்டக்டர். "தலையை எடுக்கவே மாட்டேங்கீரு!"

கிருஷ்ணன்கோவிலில் கயிறு வந்து சேர்ந்தது. வழக்கமாக ஒரு சுற்று, அன்றைக்கு இரண்டு. கல்லுப்பட்டியில் உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி ஆகிவிட்டது.

"போதும் அண்ணாச்சி, குடுங்க" என்று பொன்னுராஜ் உறையை இழுத்தான்.

அவர் விடவில்லை. "நாய் வேசம் போட்டா… குரைச்சுத்தாம்லே… ஆகணும்."

"செத்துக்கித்துப் போயிராதீய!" என்றான். சிரித்துக்கொண்டே சொல்ல நினைத்தான். சிரிப்பு வரவில்லை.

மதுரையில் முள் அசையவே இல்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டார்.

"ஒரு மாசமா மில்லுக்குப் போகலையே?"

இல்லையென்று தலையாட்டினார்.

"வீட்டுலயும் இப்படித்தான் இருந்துச்சா?"

ஆமென்று ஆட்டினார். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டாக்டர் பேனாவை மூடினார். "பாவம், எனக்குச் சந்தேகம் மில் மேலதான் இருந்துச்சு. ரெஸ்ட்ல சரியாகி வந்திருந்தா, மில் நோவுன்னு இப்பவே எழுதியிருப்பேன். மில்லை விட்டுத் தள்ளி இருந்தும் இம்புட்டு இருக்குன்னா, இது சாதா இழுப்பு. மில்லைக் குத்தம் சொல்ல முடியாது."

தவசிமுத்து வாயைத் திறந்தார். உள்ளே சொல் இருந்தது. ஏற்றிவிட மூச்சு இல்லை. ஒரு விசில்தான் வந்தது. பொன்னுராஜைத் திரும்பிப் பார்த்தார்.

பொன்னுராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று தவசிமுத்துவுக்குத் தெரிந்தது. அவன் இடத்தில் தான் இருந்தால் அதைத்தான் நினைத்திருப்பார். சும்மா நின்றால் போதும். அடுத்த வாரம் அந்த மிசின் அவனுடையது. வாயைத் திறந்தால், தூசி கொண்டுவந்தவன் என்று பதிலி வேலையும் போகும். இனி வேப்பமரம் இல்லை, யாரையும் நலம் விசாரிக்க வேண்டியதும் இல்லை. காற்றாடி மேலே கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியைத் தொட்டார்.

பொன்னுராஜ் அவர் கக்கத்தில் இருந்த துண்டை உருவி, உறையை மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்தான்.

"இதையும் சேத்துப் பாருங்க சார். ரெண்டு நாளா இதத்தான் மோந்தாவ. அதுக்கு முன்ன கன்னுக்குட்டி கணக்காத்தான் இருந்தாவ."

காற்றாடி தூசியை அள்ளி அறை முழுக்க விசிறியது. டாக்டர் தும்மினார், இருமினார், மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். வெளியே நின்று, "கொலைகாரப் பயலுகளா!" என்று கத்தினார். பிறகு உள்ளே வந்து தவசிமுத்துவின் நாடியைப் பிடித்தவர், கத்துவதை நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். அவரை அங்கேயே படுக்க வைத்தார்கள். தெளிந்த பிறகு ஊதச் சொன்னார்கள். முள் எழுந்து நின்றது. டாக்டர் 'மில் நோவு' என்று எழுதினார்.

தவசிமுத்துவுக்கு மில் வாசலில் காவல் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, ஒரு ஸ்டூல், ஒரு தடிக்கம்பு. கயிறு அவிழ்ந்தது, முழுசாக அல்ல. போன மூச்சில் கொஞ்சம் திரும்பாது என்று டாக்டர் எழுதும்போதே சொல்லியிருந்தார். பாட்டின் கடைசி அடியை இப்போதெல்லாம் பரிபூரணம்தான் முடிப்பாள்.

பொன்னுராஜ் நிரந்தரமானான். அதே கார்டிங், அதே மிசின். முதல் நாள் வாசலில் நின்று அண்ணாச்சி கையில் மிட்டாயைத் திணித்துவிட்டு உள்ளே போனான். தவசிமுத்து மிட்டாயை வைத்துக்கொண்டு அவன் போன வழியையே பார்த்தார். தின்னவில்லை.

அதற்கப்புறம் வருசங்கள் ஓடின. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பொன்னுராஜ் வாசலுக்கு வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் குத்தவைத்தான். மார்பைத் தடவிக்கொண்டே, "வெயில் என்னமா அடிக்கி, அண்ணாச்சி" என்றான்.

மாசி மாதம். அவ்வளவு வெயில் இல்லை.

"டாக்டரம்மாட்ட நாளைக்கே போயிரு" என்றார் தவசிமுத்து.

"எதுக்கு?"

"நான் சொல்லுதேன்லே, போயிரு."

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த புதுப் பதிலி ஒருத்தன், சேத்தூர்க்காரன், வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தான்.

"அண்ணே, உடம்புக்கு எப்படி?"

"நல்லாருக்கேன்லே" என்றான் பொன்னுராஜ், எழுந்து மில்லுக்குள் நடந்தான். சேத்தூர்க்காரன் மரத்தடிக்குத் திரும்பினான். போகிறவன் முதுகு ஏறி இறங்குவதை, கதவு சாத்தும்வரை, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.