நீலப் பூப் போட்ட சில்லு

என் வீட்டுப் பரணில் அறுபதுக்கு மேல் பால்பவுடர் டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கேசட், கூடவே ஒரு பொருள். பழவேற்காட்டுக் குப்பங்களில் டேப் ரிக்கார்டரோடு சுற்றும்போது கை தானாக எடுத்த பொருள். வலையிலிருந்து அறுந்த ஈயக் குண்டு, உடைந்த மிதப்பு, ஒற்றைச் செருப்பு. ஏன் எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. மீஞ்சூர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். எதையும் எழுதிவைக்கும் பழக்கம் இல்லை. அந்தச் செருப்பைக் கையில் எடுத்தால் போதும், அன்றைக்கு யார் பேசியதைப் பதிந்தேன் என்று வந்துவிடும். இன்னொரு கிறுக்கும் உண்டு. பொருளை எடுக்கக் குனியும்போது ரிக்கார்டரை நிறுத்திவிடுவேன். காதும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யக் கூடாது என்று எனக்கு ஒரு கொள்கை. மண்ணாங்கட்டிக் கொள்கை.

சென்னையில் கண்காட்சி நடத்துகிற ஒருவர் இதைக் கேள்விப்பட்டு வந்தார். மூன்று நாள் பள்ளிக்குப் போகும்போது அவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் டப்பாக்கள் எல்லாம் காலி. பீங்கான் பீங்கானோடு, ஈயம் ஈயத்தோடு, கேசட்டுகள் அத்தனையும் ஒரே அட்டைப்பெட்டியில். இப்போதுதான் சார் இது ஒரு சேகரிப்பு மாதிரி இருக்கிறது என்று பல்லைக் காட்டினார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் அதைக் கலைஞனின் கோபம் என்று எடுத்துக்கொண்டு, பீங்கான் சில்லுகளை மட்டும் பஞ்சில் சுற்றி எடுத்துப் போனார். சென்னையில் அவை கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தன. பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த டச்சுக்காரன் எப்போதோ போய்விட்டான். ஆனால் இங்கே வருகிறவன் எல்லாம் அவன் கல்லறையையும் அவன் தின்ற தட்டையும்தான் தேடுகிறான். நேற்று ஏரியில் வலை கட்டியவனைப் பற்றி ஒருவனும் கேட்பதில்லை.

அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வந்தாள். ஏரிக்கரைக் குப்பத்துக்காரி, என்னிடம் படித்த ஒரு பெண்ணின் தாய். அவள் புருஷன் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று கோயில் முன்னால் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். புருஷன் போனபின் நடந்த சீட்டுக் கூட்டத்தில், அவன் முறையில் அவள் தம்பி வந்து வலை கட்டலாம் என்று ஊர்ப் பெரியவர் சொன்னாராம். தம்பி வேறு குப்பத்துக்காரன், ஊர் சம்மதம் இல்லாமல் அவன் ஏரியில் கால் வைக்க முடியாது. இப்போது அந்தப் பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்படி யாரும் சொல்லவில்லை என்று மற்றவர்கள் கையை விரிக்கிறார்கள். அடுத்த சீட்டுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

"நீங்க மிசினோட நின்னீங்க சார். என் பக்கத்துலதான். குனிஞ்சு இன்னாவோ எடுத்தீங்க" என்றாள்.

எடுத்தது உடனே ஞாபகத்துக்கு வந்தது. நீலப் பூப் போட்ட பீங்கான் சில்லு. ஆனால் அது சென்னையில் இருக்கிறது, அதன் கேசட் அறுபதில் ஒன்றாய் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. டப்பா கலையாமல் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. அந்த மனிதரைச் சபித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், டீ கொடுத்தும் குடிக்கவில்லை. இறால் ஏலம், மோட்டார் சத்தம், தெலுங்குப் பாட்டு, ஒரு கல்யாணச் சண்டை. மத்தியானத்துக்குமேல் சீட்டுக் கூட்டம் வந்தது. அவள் எழுந்து உள்ளே வந்துவிட்டாள்.

பெரியவர் இருமினார். பிறகு அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "அந்தப் பொண்ணு பாடு இன்னா பண்றதுனு கேட்டா..."

டக் என்று ஒரு சத்தம். அடுத்துத் திருப்பாலைவனம் பேருந்தில் கண்டக்டர் சில்லறை கேட்கிறார்.

பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். மறுபடியும் டக். மூன்றாம் தரம் பொத்தானில் கை வைத்தபோது அவளே போதும் என்றாள். அந்த இடத்தில் டேப்பை நிறுத்தியது வேறு யாருடைய விரலும் இல்லை. இத்தனை நாள் நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அவர் டப்பாவைத்தான் கலைத்தார். பெரியவரின் வாயை அடைத்தவன் நான்.

அவள் அதற்காகச் சோர்ந்து போகவில்லை. "டேப்பு போனா போவட்டும் சார். காதால கேட்டீங்கல்ல. வந்து ஊர்ல அதைச் சொல்லுங்க. வாத்தியார் சொன்னா நம்புவாங்க."

நான் கேட்டிருக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தியின் பிழைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் சில்லிலிருந்த சேற்றை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன். பூவுக்கு எத்தனை இதழ் என்று இன்றைக்கும் சொல்வேன். கேட்டதாகப் பொய் சொல்லியிருக்கலாம். அந்தத் தைரியமும் அப்போது வரவில்லை.

"நான் கேக்கலம்மா" என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அப்படி இன்னாதான் சார் எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

எட்டாம் நாள் சீட்டில் அவள் புருஷன் பெயரைச் சேர்க்கவில்லை. சில்லு இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறது. அடியில் ஓர் அட்டை. டச்சுக் காலம், பழவேற்காடு என்று எழுதி, கண்டெடுத்தவர் என்று என் பெயரையும் போட்டிருக்கிறார்கள்.