லபாசாவில் விமலாவை வழியனுப்புகிறேன்

தீவு நகரமான லபாசாவின் சின்ன விமான நிலையத்தில் பெட்டிகளோடு பயணிகளையும் எடை போடுகிறார்கள். விமலா தராசிலிருந்து இறங்கியதும் அவள் அப்பா ஏறி நிற்கிறார். இந்த நாட்டில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, இந்திய வம்சாவளியினரான அவர்களுடைய கரும்பு நிலத்தின் குத்தகை புதுப்பிக்கப்படவில்லை. இரண்டு முறை வீட்டின்மீது கல் விழுந்திருக்கிறது. குடும்பமே சிட்னிக்குப் போகிறது.

முதல் படம் எடுக்க முயலும் இயக்குநர்களுக்கான பன்னாட்டு உறைவிட முகாமில்தான் விமலாவும் நானும் சந்தித்தோம். அடுத்த கட்டத்துக்கு அவளுடைய கரும்புக்காட்டுக் கதை தேர்வானது. ஆனால் சொந்த நாட்டில் வசிப்பவர்களுக்கே அந்த இடம். அவளை நிறுத்திப் பார்க்கலாம் என்றுதான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன்.

"படம் முடியற வரைக்கும் நீ மட்டும் இங்க இருக்கலாமே விமலா?"

அவள் அப்பா திரும்புகிறார். "தனியா வுட்டுட்டுப் போவச் சொல்றியாம்மா? கல்லு வுழுந்தப்ப நீ இருந்தியா?"

விமலா என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த கொஞ்சத் தமிழில் சொல்கிறாள்: "அந்த எடம் வேணாம்னு முகாமுக்கு நேத்தே எழுதிட்டேன் அக்கா. வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த பேரு ஒங்களுதுதானே? நல்லா எடுங்க."

ஆமாம், என் பெயர்தான். எனக்கும் அது தெரியும்.

விமானம் கிளம்பிவிடுகிறது. அடுத்த குடும்பம் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. நான் என் கதையை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு காட்சிகூட நினைவுக்கு வரவில்லை.