கங்காணி அனுப்பிய பெண்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு இங்கிலீஷ் வரும். கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். தோட்டத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பை வெள்ளைக்கார டாக்டர் துரைசாணி தொடங்கியபோது, அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் வேலை என்மேல் விழுந்தது.

காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஐந்தாறு பெண்கள் வாரம் ஒரு மத்தியானம் மாட்டுவண்டியில் வருவார்கள். அவர்களை வேலை வாங்கும் கங்காணிதான் கூட்டிவருவார். எதிரே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார். வகுப்பு முடிந்ததும் அவர்களில் ஒருத்தி, நாற்பது வயது விதவை, நேராக அவரிடம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வாள். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன்.

"அவ கங்காணி ஆளு மிஸ்ஸி. அவ இருக்கையில எதுவும் கேக்காதீங்க" என்றாள் மற்றவர்களில் ஒருத்தி. அதன்பிறகு நானும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பேசினேன். கத்தரிக்கோலைக் கொதிக்க வைப்பது பற்றிச் சொல்லும்போதுகூட நாக்கு தயங்கியது.

ஒருநாள், தொப்புள்கொடி கட்டக் காட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் இருந்த இளம்பெண் திடீரென்று அழுதாள். வலி எடுத்த பிறகும் கங்காணி அவளை ரப்பர் மரத்தடியை விட்டுப் போக விடவில்லையாம். பிள்ளை அங்கேயே செத்துப் பிறந்ததாம். துரைசாணிக்கு நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். விதவை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வழக்கம்போல் கோப்பிக் கடைக்குப் போனாள்.

இனி வண்டி வராது என்றே நினைத்தேன். அடுத்த வாரம் வந்தது. அந்த இளம்பெண்ணும் இறங்கினாள்.

விதவையைத் தனியாக மடக்கினேன். "கங்காணிகிட்ட என்ன சொன்னே?"

"சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாங்கன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"ஒவ்வொரு வாட்டியும் அதான் மிஸ்ஸி சொல்றேன். நான் சொல்லலேன்னா வேற ஒருத்திய ஏவி விடுவாரு. அவ நெசத்தச் சொல்லிட்டா?"

நான் நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் குரல் உயர்ந்தது.

"நீங்க மட்டும்? அந்தப் புள்ள அழுதத தொரைசாணிகிட்ட என்னன்னு சொன்னீங்க? எங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா? நீங்களும் கங்காணிக்கு வேண்டியவங்களோ என்னவோன்னு நாங்க வண்டியில பேசிக்கிட்டுத்தான் போனோம்."

எனக்குச் சுருக்கென்றது. என்னையும் ஒருவர் சந்தேகிக்கக்கூடும் என்று நான் நினைத்ததே இல்லை.

"தொரைசாணிக்குக் கொஞ்சம் மலாய் தெரியும்ல? எங்களுக்கும் பாசார்ல சாமான் வாங்கையில அரைகொறையாப் பேசிப் பழக்கம். எங்க முன்னால மலாயில சொல்லுங்க. கேக்குறோம்."

அன்றே எல்லார் முன்னாலும், உடைந்த மலாயில், மீண்டும் சொன்னேன். இளம்பெண் இரண்டு இடங்களில் என்னைத் திருத்தினாள். துரைசாணி எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அந்த மாதமே அவர் தோட்டத்துக்குப் போய் மேனேஜர் துரையைப் பார்த்தார். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பாலுக்கு மரம் சீவ அனுப்புவது நின்றது. யார் சொல்லியிருப்பார்கள் என்று கங்காணி ஒவ்வொருத்தியாக விசாரித்தார். தன் ஆள் என்று நம்பி விதவையிடம்தான் முதலில் கேட்டாராம்.