வெள்ளையனுக்கு வந்த மரு

சங்கரன்கோவிலில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டுமென்றால் யோகலட்சுமியைத்தான் கேட்பார்கள். புருஷன் துரைப்பாண்டி மாரடைப்பில் போனதும், குதிரையை விற்றுவிடு என்ற சொந்தக்காரர்களிடம் சரியென்று தலையாட்டிவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்குத் தானே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு போனவள். வேட்டுச் சத்தத்துக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் நடுவில் அவள் குதிரை வெள்ளையனை மிரளாமல் நடத்தி வருவதை வேடிக்கை பார்த்த ஊர், போகப்போகப் பழகிவிட்டது.

ஒரு வேலை மட்டும் அவளுக்குப் பழகவில்லை. குளிப்பாட்டும்போது குதிரையின் அடிவயிற்றுக்குக் கீழே கை போகாது. அந்த இடத்தைக் கழுவிவிடுவது துரைப்பாண்டியின் வேலையாக இருந்தது. இவள் தண்ணீரை வீசி ஊற்றுவதோடு சரி.

மாசி மாதத்தில் வெள்ளையன் ஒண்ணுக்குப் போகும்போது தற்செயலாகப் பார்த்தாள். இளஞ்சிவப்புத் தோலில் காலிஃபிளவர் மாதிரி பொடிப்பொடியாக மரு. அவளுக்கு உடம்பு கூசியது.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு வெள்ளையனோடு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஆடும் மாடும் பிடித்துக்கொண்டு ஆம்பளைகள் கூட்டம். துரைப்பாண்டியின் சேக்காளி இசக்கித்துரையும் ஒரு கிடாவோடு நின்றான்.

"என்ன மைனி, குதிரைக்கு என்ன செய்யுது?"

"கால்ல லேசா புண்ணு தம்பி."

வாயில் அதுதான் வந்தது. அவன் பக்கத்திலேயே நின்றதால் டாக்டரிடமும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. டாக்டர் ஜெயசித்ரா நாலு காலையும் தூக்கிப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லையே என்று ஒரு களிம்பு கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் குச்சியில் துணியைச் சுற்றி, வேப்பெண்ணெயில் தோய்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தடவிப் பார்த்தாள். வெள்ளையன் உதைத்தான். அதோடு விட்டுவிட்டாள்.

வைகாசியில் வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணம். ஊர்வலம் பாதி வரும்போது குதிரையைச் சுற்றி ஈ மொய்த்தது. நாற்றம் வேறு. ரோட்டில் சொட்டுச் சொட்டாக ரத்தம். யாரோ ஒருவன் குனிந்து பார்த்துவிட்டான்.

"ஏலே, குதிரை எங்கயோ போயி சீக்க வாங்கிட்டு வந்திருக்குடே!"

"வச்சிருக்கது பொம்பளைல்லா, அவளுக்கு என்ன தெரியும்?"

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையை இறக்கிக் காரில் ஏற்றினார்கள். யோகலட்சுமிக்குக் காதெல்லாம் கொதித்தது. சுமைவண்டியில் குதிரையை ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேரும்வரை முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் வெள்ளையனோடு நேராக டாக்டரிடம் போய் நின்றாள்.

"டாக்டரம்மா, அன்னைக்கு நான் சொன்னது பொய். கால்ல ஒண்ணுமில்ல. ஒண்ணுக்குப் போற எடத்துல கட்டி."

ஜெயசித்ரா மயக்க ஊசி போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வைரஸால வார மருதாம்மா. சில குதிரைக்கு அப்படியே நின்னுரும். சிலதுக்குப் புத்துநோயா மாறிரும். இவனுக்கு மாறியிருக்கும்னு நெனைக்கேன். சதைய எடுத்து டெஸ்டுக்கு அனுப்புதேன்."

"ஊர்ல என்னென்னமோ பேசுதாக. கெட்ட சீக்கா இது?"

"எல்லாச் சீக்கையும் மாதிரி இதுவும் ஒரு சீக்கு. மனுசருக்கு ஒட்டாது. அழுக்குச் சேராமக் கழுவிவிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"அன்னைக்கே காட்டியிருந்தா?"

"மருவ மட்டும் எடுத்திருக்கலாம்." டாக்டர் வேறொன்றும் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

டெஸ்டில் புற்றுநோய் என்றே வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், அந்த உறுப்பின் முன்பகுதியை வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்த வெள்ளையன் நிற்க முடியாமல் ஆடிக்கொண்டே வந்து அவள் தோளில் வாயை வைத்தான். ஊர் சிரித்தபோது வராத அழுகை அப்போது வந்தது. தன் கூச்சத்துக்கு இந்த வாயில்லா ஜீவனல்லவா வேதனைப்பட்டது என்று நினைக்க நினைக்க ஆறவில்லை.

வெள்ளையன் பிழைத்துக்கொண்டான். ஆவணி முகூர்த்தத்திலிருந்து மறுபடி ஊர்வலம் போகிறான். ஞாயிறுதோறும் வாசலிலேயே வைத்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, தன் கையாலேயே அந்த இடத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவிவிடுகிறாள். கை பட்டதும் அவன் தோல் சிலிர்த்து நடுங்குகிறது.

"நாந்தாம்ல, நாந்தான்," என்கிறாள். அவன் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்க்கிறான். அந்தப் பார்வைக்கு மட்டும் அவளால் இன்னும் முகம் கொடுக்க முடியவில்லை.